எத்தனையாவது நொடியில் கட்டாகிறது?

"பேசிக்கிட்டே இருக்கும்போது கட்டாகுது அண்ணே" என்றார் வரவேற்பாளர். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், புக்கிட் தெங்கா தொழிற்பேட்டையில் உலோகப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனி அது. போன் பொருத்துகிறவர் பெட்டியைத் திறக்குமுன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எத்தனையாவது நொடியில கட்டாகுது?"

நொடி எண்ணிக்கொண்டு யாரும் பேசுவதில்லை. ஆகவே தன் கைப்பேசியிலிருந்து அந்த அலுவலக எண்ணுக்கு அவரே அழைத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். குரல் இரண்டு பக்கமும் தெளிவாகக் கேட்டது. அரை நிமிடம் தாண்டியதும் அழைப்பு அறுந்தது. மறுபடி அழைத்தார், அதே இடத்தில் அறுந்தது. 32 நொடி. அலுவலகத்திலிருந்து வெளியே போகும் அழைப்புகளில் இந்தக் கோளாறு இல்லை. வேறு எதையும் சோதிக்கத் தேவையில்லை என்பது அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

இணைய வழித் தொலைபேசிகள் ஒன்றையொன்று கூப்பிடப் பெரும்பாலும் கையாளும் ஒழுங்குமுறை எஸ்ஐபி. தொழிலில் 'சிப்' என்பார்கள். 2002 ஜூனில் வெளியான ஆர்எஃப்சி 3261 என்ற ஆவணம்தான் இதன் இலக்கணம். கூப்பிடுகிறவர் பக்கமிருந்து 'இன்வைட்' வரும். இந்தப் பக்கம் ரிசீவரை எடுத்ததும் '200 ஓகே' போகும். அது வந்து சேர்ந்தது என்று சொல்லும் 'ஆக்' அங்கிருந்து திரும்பி வரவேண்டும். வராவிட்டால் 200 ஓகே திரும்பத் திரும்பப் போகும்: அரை நொடி கழித்து, பிறகு 1 நொடி, 2 நொடி, அதற்குமேல் 4 நொடிக்கொரு தரம். ஆவணம் குறித்திருக்கும் அடிப்படைக் காலம் 500 மில்லிநொடி. அதைப்போல் 64 மடங்கு பொறுத்தும் ஆக் வரவில்லையென்றால் அழைப்பைத் துண்டித்துவிட வேண்டும். 64 அரைநொடி, 32 நொடி. பேசுகிறவர்களுக்குக் குரல் நன்றாகக் கேட்டுக்கொண்டிருப்பது இந்தக் கணக்கில் சேராது.

ஆக் ஏன் வரவில்லை? அலுவலகத்துப் போன்களையெல்லாம் இணைக்கும் பெட்டியான ஐபி பிஎக்ஸ், தன்னைத் தொடர்புகொள்ள வேண்டிய முகவரியாகத் தன் உள்முகவரியைக் கொடுத்திருந்தது, 192.168 என்று தொடங்குவது. அந்த முகவரி அந்தக் கட்டடத்துக்கு வெளியே செல்லாது. சேவை நிறுவனம் அனுப்பிய ஆக் போக வழியில்லாமல் தொலைந்தது. நெட்வொர்க்கில் போகும் செய்திகளைக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து பார்த்தால் 200 ஓகே மட்டும் வரிசையாக அடுக்கி நிற்கும், நடுவில் ஒரு ஆக்கூட இருக்காது. பிஎக்ஸில் இரண்டு இடங்களை நிரப்பினார்: வெளி ஐபி எது, உள் நெட்வொர்க் எது. ரூட்டரில் 'சிப் ஏஎல்ஜி' என்ற வசதியை அணைத்தார். சிப் செய்திகளுக்குள் புகுந்து முகவரிகளை மாற்றி எழுதி உதவி செய்வதற்காக வைக்கப்பட்ட வசதி அது. பல ரூட்டர்களில் பாதியை மாற்றிப் பாதியை விட்டுவிட்டு உபத்திரவம்தான் செய்கிறது. புது ரூட்டர் எதைப் பார்த்தாலும் முதல் வேலையாக அவர் அணைப்பது இதைத்தான்.

அழைப்பு 15 நிமிடத்தை ஒட்டிக் கட்டானால் கதை வேறு. நீண்ட அழைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று இடையில் சரிபார்க்கும் முறை ஒன்று உண்டு, 2005இல் வந்த ஆர்எஃப்சி 4028 அதை விவரிக்கிறது. வழக்கமான கெடு 1800 நொடி. அதில் பாதி கழிந்ததும், அதாவது 900 நொடியில், ஒரு பக்கம் புதுப்பித்தல் கேட்கும். அந்தச் செய்தி ஃபயர்வாலில் மாட்டிக்கொண்டால் அழைப்பு முடிந்தது. ஆகவே '32 நொடியா, கால் மணி நேரமா' என்று கேட்டாலே எந்தத் திரையில் எந்தக் கட்டத்தைத் திருத்த வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும். நேரம், திசை, பொழுது ஆகிய மூன்றையும் புகாரிலிருந்தே பிடிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. தன்னோடு வேலை பழகும் பிள்ளைகளிடம், மடிக்கணினியைத் திறக்குமுன் அந்த அலுவலகத்தில் அதிகமாக போன் எடுக்கிறவரிடம் உட்கார்ந்து பேசச் சொல்வார். பெரும்பாலும் அது மேலாளராக இருக்காது. வரவேற்பாளராகவோ கணக்குப் பிரிவு கிராணியாகவோ இருக்கும்.

அந்தக் கம்பெனி இருக்கும் புக்கிட் தெங்கா பினாங்குத் தீவில் இல்லை. பாலத்தைத் தாண்டிப் பெருநிலத்தில், பிறைக்கும் புக்கிட் மெர்தாஜாமுக்கும் ஜூருவுக்கும் நடுவில் இருக்கிறது. 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் வந்து தீவு மின்னணுத் தொழிலுக்குப் பேர்போன பிறகு, 1985இல் பினாங்குப் பாலமும் திறந்தபின், பெருநிலத்துத் தொழிற்பேட்டைகளுக்கும் தீவுக்கும் இடையே போக்குவரத்து பெருகியது. பெரிய பன்னாட்டு ஆலைகளுக்குத் தனிக் கணினிப் பிரிவு உண்டு. அவற்றுக்கு அச்சு, அட்டைப்பெட்டி, இயந்திரப் பாகம் செய்து கொடுக்கும் சிறு கம்பெனிகளுக்கு அது கிடையாது. முன்னால் ஓர் அலுவலகம், பின்னால் உற்பத்திக்கூடம், வாசலில் காவல் சாவடி. ஒரே நாளில் மலாய், மாண்டரின், ஹொக்கியன், தமிழ், ஆங்கிலம் எல்லாவற்றிலும் அழைப்பு வரும். அவருடைய வாடிக்கையாளர்கள் இவர்கள்தாம்.

அவர் தொழிலுக்கு வந்தபோது எல்லாம் கீஃபோன் காலம். சுவரில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒவ்வொரு மேசைக்கும் ஒரு ஜோடி செம்புக்கம்பி. கம்பி அறுந்தால் ஓசை நின்றுவிடும், அறுந்த இடத்தைத் தேடிப் பிடித்து முடிந்தால் வேலை தீர்ந்தது. 2010 மார்ச்சில் டெலிகோம் மலேசியாவின் யூனிஃபை வந்து, ஒளியிழை வீட்டு வாசல்வரை வரத் தொடங்கியபின் எல்லாம் மாறிற்று. தொலைபேசியும் கணினியும் ஒரே கேபிளுக்குள் வந்தன. அப்போதிருந்து போன் கோளாறு என்று கூப்பிடும் இடங்களில் போன் கெட்டிருப்பது அபூர்வம் என்கிறார். கோளாறு வழியில் இருக்கிறது.

வழிக்கோளாறுகளில் மிகப் பழையது, 'நாங்க பேசுறது அவங்களுக்குக் கேக்குது, அவங்க பேசுறது எங்களுக்குக் கேக்கல' என்பது. சிப் என்பது அழைப்பை ஏற்படுத்த மட்டும்தான், வழக்கமாக 5060ஆம் போர்ட்டில் போகும். குரல் அதனோடு போவதில்லை. ஆர்டிபி என்ற தனி வண்டியில், வேறு போர்ட்டுகளில் போகும். ஆஸ்டெரிஸ்க் என்ற இலவச பிஎக்ஸ் மென்பொருளின் மாதிரி அமைப்பில் அது 10000 முதல் 20000 வரை. 1999இல் அமெரிக்காவில் மார்க் ஸ்பென்சர் எழுதத் தொடங்கிய அந்த மென்பொருளின் வழிவந்தவைதான் இன்று சிறு அலுவலகங்களில் ஓடும் பெட்டிகளில் பல. அழைப்பு ஏற்படும்போது ஒவ்வொரு பக்கமும் 'குரலை இந்த முகவரிக்கு, இந்தப் போர்ட்டுக்கு அனுப்பு' என்று எழுதிக் கொடுக்கும். அந்த இடத்தில் 192.168 எழுதினால், ஊர் பேர் இல்லாமல் 'மாடியில் மூன்றாவது அறை' என்று மட்டும் எழுதிப் போட்ட கடிதம்போல்தான். நம் குரல் அவர்களுக்குப் போய்விடும், அவர்கள் குரலுக்கு வர வழியிருக்காது. இதற்கும் மருந்து அதே வெளி ஐபி கட்டம்தான். அதோடு ஃபயர்வாலில் அந்த ஆர்டிபி போர்ட்டுகள் திறந்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது புகாரில் பொழுது முக்கியம். 'சாயங்காலம் 5 மணிக்கு மேல குரல் விட்டுவிட்டு வருது.' காலையில் போய்ச் சோதித்தால் ஒரு குறையும் தெரியாது. சேவை நிறுவனத்தைக் கேட்டால் லைன் நன்றாக இருக்கிறது என்பார்கள், அதுவும் உண்மைதான். மேலாளர் அடுத்துக் கேட்பது, இன்னும் வேகமான பேக்கேஜ் வாங்கட்டுமா என்று. போன் பொருத்துகிறவர் தடுத்துவிடுவார். ஜி.711 என்ற குரல் முறையில் நொடிக்கு 50 பொட்டலங்கள் போகின்றன. ஒவ்வொன்றிலும் குரல் 160 பைட், தலைப்புகள் 40 பைட். கூட்டினால் ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் நொடிக்கு 80 கிலோபிட். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 800 கிலோபிட்தான். ஜி.729 என்றால் அழைப்புக்கு 24 கிலோபிட் போதும். 100 மெகாபிட் லைன் வைத்திருக்கும் கம்பெனிக்கு இது ஒரு மூலைக்கும் காணாது.

குறை அகலத்தில் இல்லை, வரிசையில் இருக்கிறது. புகார் வந்த அலுவலகத்தில் மாலை 5 மணிக்குக் கணக்குக் கோப்புகளின் நகல் மேகச் சேமிப்புக்கு ஏறத் தொடங்கும். ஏற்றம் முழு வேகத்தில் நடக்கும்போது ரூட்டரின் வெளிவாசலில் பொட்டலங்கள் குவியும், குரல் பொட்டலமும் அந்தக் கூட்டத்தின் பின்னால் போய் நிற்கும். கோப்புக்கு அரை நொடி தாமதம் ஒரு பொருட்டில்லை. குரலுக்கு அப்படியில்லை. ஒரு வழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால்தான் உரையாடல் இயல்பாக இருக்கும் என்கிறது அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியுவின் ஜி.114 பரிந்துரை. பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு ஒளியிழையில் போக ஒளிக்குச் சில மில்லிநொடி போதும், ஒரு கிலோமீட்டருக்கு 5 மைக்ரோநொடிதான் கணக்கு. முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் செய்யாத தாமதத்தை, சுவரில் மாட்டிய ஒரு ரூட்டர் செய்துவிடுகிறது.

இங்கே அவர் செய்யும் வேலை நிதானமானது. முதலில் போன்களைத் தனி வீலேனில், அதாவது அதே கம்பிகளுக்குள் ஒதுக்கிய தனி நெட்வொர்க்கில், பிரிப்பார். மேசையில் கணினியின் கேபிள் போனின் பின்பக்கம் போகும், போனிலிருந்து ஒரே கேபிள் சுவருக்குப் போகும். சுவிட்ச் 'எல்எல்டிபி-மெட்' வழியாகப் போனிடம் 'நீ இந்த வீலேன்' என்று சொல்லிவிடும். கணினி பழைய வீலேனிலேயே இருக்கும். யூனிஃபையில் இணையம் வெளிப்பக்கத்தில் 500ஆம் வீலேனிலும் தொலைக்காட்சி 600இலும் வந்து பழகியதால், உள்ளே குரலுக்கு அந்த எண்களை அவர் வைப்பதில்லை. வைத்தாலும் ஓடும், ஆனால் அடுத்து வருகிற தொழில்நுட்பர் குழம்புவார். குரல் பொட்டலங்களுக்கு டிஎஸ்சிபி 46 என்ற முத்திரை போனிலேயே விழும். சுவிட்ச் அந்த முத்திரையை மதிக்கிறதா என்று பார்க்க வேண்டும், சில சுவிட்சுகள் அழித்துவிட்டுப் பூஜ்யமாக்கி அனுப்பும்.

கடைசியாக ரூட்டரில், லைனின் ஏற்ற வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக ஒரு வரம்பு வைத்து, 46 முத்திரை உள்ளதை முன்னால் விடச் சொல்வார். இந்த வரம்புதான் உயிர்நாடி. அது இல்லாவிட்டால் கூட்டம் ரூட்டரில் சேராமல், நம் கைக்கு எட்டாத மோடத்தில் போய்ச் சேரும். கட்டடத்தைத் தாண்டிப் பொது இணையத்தில் அந்த 46ஐ யாரும் மதிப்பார்கள் என்று அவர் நம்புவதில்லை. நெரிசல் நம் வாசலில்தான், அங்கே மதித்தால் போதும். இதையெல்லாம் செய்தபின் மாலை 5 மணிக்குப் போய் உட்கார்ந்து, நகல் ஏறிக்கொண்டிருக்கும்போதே பேசிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். பகலில் சோதித்துவிட்டு 'சரியாயிடுச்சு' என்று சொல்வது அவருக்குப் பிடிக்காது.

இணையத்தில் குரல் போவது புதிய சங்கதி இல்லை. 1974 ஆகஸ்டிலேயே டேனி கோஹன் குழுவினர் இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் வழியாக, கலிபோர்னியாவுக்கும் மாசசூசெட்ஸுக்கும் இடையே நேரடியாகப் பேசிக் காட்டிவிட்டார்கள். பொட்டலம் தாமதமாக வரும், வரிசை மாறி வரும், வராமலும் போகும் என்ற சங்கடம் அன்றைக்கே அவர்களுக்கு இருந்தது. இன்றைக்கும் இதே மூன்றுதான்.

சின்ன அமைப்புகள் சில உண்டு, பார்த்தால் அற்பமாகத் தெரியும். மணி அப்படி ஒன்று. போனுக்கு நேரம் சொல்லும் சர்வரையும் மலேசிய நேர வித்தியாசமான 8 மணியையும் கொடுக்காவிட்டால், திரையில் தவறான மணி ஓடும். அது வெறும் அலங்காரக் குறை இல்லை. அழைப்பை மறைகுறியாக்கி 5061இல் போகும்படி அமைத்திருந்தால், சர்வரின் சான்றிதழ் செல்லுபடியாகும் தேதியைப் போன் தன் கடிகாரத்தை வைத்துத்தான் சரிபார்க்கும். கடிகாரம் சில ஆண்டுகள் பின்னால் இருந்தால் பதிவே ஆகாது. கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டு ஒரு நாளை வீணாக்கியவர்களை அவர் பார்த்திருக்கிறார்.

பழைய செம்பு லைனை விடாமல் ஒரு கேட்வே வைத்து இணைத்திருக்கும் இடங்களில் இன்னொன்று வரும். பேசி முடித்து அந்தப் பக்கம் வைத்துவிட்டாலும் லைன் விடுபடாது, அடுத்த ஆள் அழைத்தால் 'பிஸி'. கேட்வேயின் நாட்டு அமைப்பு அமெரிக்கா என்று கிடக்கும். அங்கே பிஸி ஓசை 480, 620 ஹெர்ட்ஸ் இரண்டும் சேர்ந்தது. மலேசியாவில் 425 ஹெர்ட்ஸ், அரை நொடி ஓசை, அரை நொடி மௌனம். கேட்வே தனக்குத் தெரிந்த ஓசைக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். நாட்டை மாற்றினால் தீர்ந்தது.

காவல் சாவடி தனித் தலைவலி. வாசல் அலுவலகத்திலிருந்து 100 மீட்டருக்கு மேல் இருந்தால் ஈதர்நெட் கேபிள் எட்டாது. எட்டினாலும் வெட்டவெளியில் புதைத்த செம்புக் கேபிள் இங்கத்திய இடிமின்னலுக்கு அழைப்பிதழ். ஒரு பிற்பகல் மழையில் சாவடிப் போனோடு அலுவலக சுவிட்சும் போய்விடும். அவர் அங்கே ஒளியிழைதான் போடுவார். செலவு கூடுதல் என்று முகம் சுளிக்கும் முதலாளியிடம் சுவிட்சின் விலையைச் சொல்வார்.

2020 மார்ச் 18இல் கொரோனா பரவலைத் தடுக்க நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, அலுவலகப் போன்கள் பைகளில் ஏறி வீடுகளுக்குப் போயின. சில நாளில் ஒரே மாதிரிப் புகார்கள்: 'நாங்க கூப்பிட்டா போகுது, வர்றது மட்டும் அடிக்கல.' போன் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை, 3600 நொடிக்கு ஒரு முறை, சர்வரிடம் தன்னைப் பதிந்துகொண்டிருந்தது. வீட்டு ரூட்டரோ, யுடிபி வழியில் கொஞ்ச நேரம் போக்குவரத்து இல்லையென்றால் அந்த வழியை மூடிவிடும். 2 நிமிடத்துக்கு முன் மூடக்கூடாது என்கிறது 2007இன் ஆர்எஃப்சி 4787. அதைப் பொருட்படுத்தாத ரூட்டர்கள் வீடுகளில் நிறைய இருக்கின்றன. மூடியபின் உள்ளே வரும் அழைப்புக்கு வாசல் இல்லை. யாராவது வெளியே அழைத்தால் வாசல் திறக்கும், மறுபடி மூடும். போனில் 'கீப் அலைவ்' என்ற கட்டத்தில் 30 நொடி என்று போட்டதும் மணி அடிக்கத் தொடங்கியது. நேரில் போக முடியாத நாட்கள் அவை. கைப்பேசியில் படம் அனுப்பச் சொல்லி, வீட்டிலிருந்த கிராணி அக்காவுக்கு மெனுவில் ஒவ்வொரு படியாகச் சொல்லிக் கொடுத்து முடித்தார்.

அவசரத்தில் 5060ஐ உலகத்துக்கே திறந்து வைத்த இடங்களும் அப்போது இருந்தன. திறந்த சில மணி நேரத்தில் பதிவேட்டில் 'ஃபிரெண்ட்லி-ஸ்கேனர்' என்ற பெயர் தென்படும். பாதுகாப்புச் சோதனைக்காக எழுதப்பட்ட ஒரு கருவியின் பெயர் அது, திருடர்களும் அதையே ஓட்டுகிறார்கள். எக்ஸ்டென்ஷன் 100, 101, 102 என்று தட்டிப் பார்த்து, கடவுச்சொல்லும் அதே 101 என்றிருந்தால் உள்ளே வந்துவிடுவார்கள். வார இறுதியில், யாரும் இல்லாத நேரத்தில், கட்டணம் அதிகமுள்ள வெளிநாட்டு எண்களுக்கு அழைப்புகள் பறக்கும். நீண்ட கடவுச்சொல், தேவையில்லாத நாடுகளுக்குத் தடை, வெளியாட்களுக்கு வழி விபிஎன் மட்டும். இதில் அவர் வாடிக்கையாளரிடம் விவாதமே வைத்துக்கொள்வதில்லை.

எல்லாம் முடிந்தபின் அவர் திறந்து பார்ப்பது டயல் பிளான், எந்த எண்ணை அழுத்தினால் அழைப்பு எந்த வழியில் போகும் என்ற விதிகள். பல அலுவலகங்களில் வெளி லைனுக்கு 9 அழுத்தும் பழக்கம் கீஃபோன் காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வருகிறது. மலேசியாவின் அவசர எண் 999. தனி விதி எழுதாத பிஎக்ஸில் ஒருவர் 999 அழுத்தினால், முதல் 9ஐ வெளி லைன் என்று எடுத்துக்கொண்டு மீதி 99ஐ வைத்துக்கொண்டு அடுத்த எண்ணுக்காகக் காத்திருக்கும். இயந்திரத்தில் கை மாட்டிய ஒருவருக்காக ஆம்புலன்ஸ் கூப்பிடும் ஆள், 'இந்த ஆபீஸில் முதலில் 9 போடணும்' என்பதை நினைத்துப் பார்க்கும் நிலையில் இருக்கமாட்டார்.

இது கற்பனைப் பயம் இல்லை. 2013 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், மார்ஷல் நகர மோட்டல் ஒன்றில் கேரி ஹண்ட் என்ற பெண் தாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். உடனிருந்த அவருடைய ஒன்பது வயது மகள் அறையிலிருந்த போனில் நான்கு முறை 911 அழுத்தினாள். வெளி லைனுக்கு முதலில் 9 அழுத்த வேண்டும் என்பது அந்தக் குழந்தைக்குத் தெரியாது. அழைப்பு போகவே இல்லை. குடும்பத்தினர் விடாமல் போராடி, கேரி சட்டம் 2018 பிப்ரவரியில் கையெழுத்தானது. பல லைன்கள் உள்ள தொலைபேசி அமைப்புகளில் எந்த முன்னெண்ணும் இல்லாமல் 911 போக வேண்டும் என்கிறது அது.

இந்தச் சம்பவத்தைப் படித்ததிலிருந்து, கேட்டாலும் கேட்காவிட்டாலும் அவர் 999, 9999 இரண்டையும் தனி விதிகளாக எழுதிவிடுகிறார், காத்திருப்பு நேரம் பூஜ்யம். விதி சரிதானா என்று பார்க்க 999ஐயே அழைத்துத் தொல்லை கொடுப்பதில்லை. பிஎக்ஸின் பதிவேட்டில் அந்த எண் எந்தப் பாதையைத் தேர்ந்தெடுக்கிறது என்பதைப் பார்த்தாலே தெரியும். ஐபி போன் போன இடமெல்லாம் வேலை செய்யும். கிளையிலோ வீட்டிலோ இருந்து அழைத்தாலும் தலைமை அலுவலக எண்ணே காட்டக்கூடும் என்பதால், எங்கிருந்து பேசுகிறோம் என்பதை வாயால் சொல்ல வேண்டியிருக்கும். அதற்காக ஒவ்வொரு போனின் அடியிலும் கட்டடத்தின் முகவரியை, லாட் எண், சாலைப் பெயர், தொழிற்பேட்டை என்று முழுதாக அச்சடித்து ஒட்டுகிறார். சுவிட்சுக்கும் ரூட்டருக்கும் மோடத்துக்கும் ஒரு யூபிஎஸ் கேட்கிறார். செம்புக்கம்பிப் போன் எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வாங்கியதால் கரண்ட் போனாலும் பேசிற்று, ஒளியிழையில் அது நடக்காது.

வெளி லைன் எண்ணையே இப்போது அவர் எடுத்துவிடச் சொல்கிறார். 04 என்று தொடங்கினால் வெளி அழைப்பு, மூன்றிலக்க எக்ஸ்டென்ஷன் என்றால் உள் அழைப்பு என்று பிஎக்ஸே பிரித்துக்கொள்ளும். பழகிய கை 9ஐத் தேடும் என்பதால் சில மாதம் இரண்டு வழியும் திறந்திருக்கும். அந்த உலோகக் கம்பெனியின் வரவேற்பாளர் முதல் வாரமே மாறிவிட்டார், உற்பத்திக்கூடத்து மேற்பார்வையாளர் இன்னும் 9 போட்டுத்தான் கூப்பிடுகிறார்.